ஆக்சைடு மென்படலங்களில் உலோக நானோ துகள்கள்

உலோகப் படிகத்தின் மேல் சில அணு அடுக்குகளே தடிமனாக வளர்க்கப்படும் ஆக்சைடு மென்படலத்தில், ஆவியாக வந்து படியும் வேறோர் உலோகத்தின் அணுக்கள் திரண்டு நானோ துகள்களாகின்றன. அவை ஆக்சைடுடன் பிணைவதைவிடத் தமக்குள் வலுவாகப் பிணைவதால், பெரும்பாலும் படலமெங்கும் பரவாமல் தீவுகளாகக் குவிகின்றன. 1926ஆம் ஆண்டின் ஆய்வொன்றையொட்டி இது வோல்மர்–வெபர் வளர்ச்சி எனப்படுகிறது.

தீவு எங்கே முளைக்கும் என்பதைப் படலத்தின் குறைகளே தீர்மானிக்கின்றன. நிக்கல்–அலுமினியக் கலப்புலோகத்தை வெற்றிடக் கலனில் சிறிதளவு ஆக்சிஜனூட்டிச் சூடாக்கினால் உருவாகும், அரை நானோமீட்டர் தடிமனுள்ள அலுமினாப் படலத்தில், வயல் வரப்புகள்போல் எல்லைக்கோடுகள் ஓடுகின்றன; பல்லேடியம் துகள்கள் அறை வெப்பநிலையில் அக்கோடுகளையொட்டியே வரிசைகட்டுகின்றன. மூன்று பங்கு நிக்கலுக்கு ஒரு பங்கு அலுமினியம் கொண்ட கலப்புலோகத்தின் மீதுள்ள படலத்திலோ 4.1 நானோமீட்டர் இடைவெளியில், அடியிலுள்ள உலோகம்வரை இறங்கும் நுண்துளைகள் அறுகோண ஒழுங்கில் அமைந்திருப்பதை வியன்னா ஆய்வாளர்கள் 2007இல் விளக்கினர். முதலில் பல்லேடியம் அணுக்கள் துளைகளில் சிக்கிக்கொள்ள, பின்னர் வரும் இரும்பு அணுக்கள் அவற்றின் மேல் சீரான இடைவெளியில் திரள்கின்றன. குறை என்று தோன்றுவதே இங்கு ஒழுங்குக்குக் காரணமாவது கவனிக்கத்தக்கது.

படலத்தின் தடிமனும் துகளின் வடிவை மாற்றுகிறது. வெள்ளியின் மீது மூன்றடுக்கு மக்னீசியம் ஆக்சைடு இருந்தால், எலக்ட்ரான்கள் அதை ஊடுருவித் தங்கத்தை அடைவதால் தங்கம் தட்டையாகப் படிகிறது. எட்டடுக்கானால் அந்த ஊடுருவல் குன்றி, தங்கம் மேடாகக் குவிகிறது.

வெற்றிடக் கலனுக்கு வெளியே, நீரிலேயே இவ்வகைச் சேர்க்கையை உருவாக்கியதற்குச் சென்னை ஐ.ஐ.டி.யின் பிரதீப் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு சான்று. அலுமினியம் ஆக்சிஹைட்ராக்சைடும் கைட்டோசான் என்னும் உயிர்ப்பலபடியும் சேர்ந்த, ஆற்றுமணலை ஒத்த குருணைகளில் பொதிந்த வெள்ளித் துகள்கள், லிட்டருக்கு ஏறத்தாழ 40 மைக்ரோகிராம் வெள்ளி அயனிகளைத் தொடர்ந்து விடுவித்து நுண்ணுயிர்களை அழிக்கின்றன. ஆனால் வெள்ளித் துகள்கள், குடிநீரில் கலந்திருக்கும் புளோரைடை நீக்குவதில்லை. தர்மபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் நிலத்தடி நீரின் சிக்கல் புளோரைடே. அதை ஈர்த்துப் பிடிப்பதற்கு உலோகத் துகள் வேண்டியதில்லை, செயலூட்டிய அலுமினாவின் மேற்பரப்பே போதும். எனினும் அந்த அலுமினாவை அவ்வப்போது காரக் கரைசலால் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. ஜப்பானியக் கடனுதவியுடன் 2013இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், புளோரைடை வடிகட்டும் வழியை விட்டுக் காவிரி நீரையே தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் கொண்டுவந்தது.