கையுறை போட்ட துப்புரவுத் தொழிலாளி

1959. அமெரிக்காவின் பிலடெல்பியா நகர வானொலியில் ஜாஸ் நிகழ்ச்சி நடத்திவந்தார் கிறிஸ் ஆல்பர்ட்சன் என்ற இளைஞர். ஒருநாள் லானி ஜான்சனின் பழைய இசைத்தட்டு ஒன்றைப் போட்டுவிட்டு, இந்த மனிதர் இப்போது எங்கிருக்கிறார், யாருக்காவது தெரியுமா என்று நேயர்களிடம் கேட்டார். தெரிந்தவர்கள் இருந்தார்கள். பழைய பாஞ்சோ கலைஞர் எல்மர் ஸ்னோடன், அவரை அண்மையில்தான் கடையில் பார்த்ததாகச் சொன்னார். பெஞ்சமின் பிராங்க்ளின் ஹோட்டலில் வேலை பார்த்த இன்னொருவர், தங்கள் ஹோட்டலில் அந்தப் பெயரில் ஒரு துப்புரவுத் தொழிலாளி இருக்கிறார் என்றார். அவர் பாட்டுக்காரரா என்பது தெரியாதாம். ஆனால் கையுறை போடாமல் எதையும் தொடமாட்டாராம்.

அந்தக் கைகள்தாம் 1927-இல் கிட்டாரின் போக்கையே மாற்றியவை.

நியூ ஆர்லியன்ஸில் ஓர் இசைக் குடும்பத்தில் பிறந்தவர் லானி. அப்பாவின் குழுவில் சிறுவயதிலேயே வயலின் வாசித்தார். முதல் உலகப்போர்க் காலத்தில் ஓர் இசைக்குழுவோடு இங்கிலாந்து போனவர், 1919-இல் திரும்பி வந்தபோது வீடே காலியாக இருந்தது. 1918-ஆம் ஆண்டின் விஷக்காய்ச்சல் ஓர் அண்ணன் தவிர எல்லாரையும் கொண்டுபோயிருந்தது. மிஞ்சிய இருவரும் செயின்ட் லூயிஸுக்குக் குடிபெயர்ந்தார்கள்.

அங்கே ஒரு தியேட்டரில் புளூஸ் பாட்டுப் போட்டி. வென்றால் ஓகே நிறுவனத்தில் இசைத்தட்டுப் பதிவு. 1925-இல் லானி பாடினார், வென்றார். இசைத்தட்டில் இடம் கிடைத்தால் போதும் என்றுதான் போனேன், அது புளூஸ் போட்டியாக இருந்ததால் புளூஸ் பாடினேன் என்று பின்னாளில் சொன்னார். அன்று ஒட்டிய 'புளூஸ் பாடகர்' என்ற முத்திரை கடைசிவரை உரியவில்லை. இந்த ஒரு வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அதுவரை குழு இசையில் கிட்டாருக்கு என்ன வேலை? சுருதிக்கட்டுகளைத் தட்டித் தாளத்துக்குத் துணை நிற்பது, அவ்வளவுதான். லானி அதைப் பாடவைத்தார். ஒவ்வொரு சுரமாக எடுத்து, தந்தியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரத்தை வளைத்து, முடிவில் விரலை லேசாக அதிரவிட்டார். எல்லாம் வயலினிலிருந்து வந்த பழக்கம். வீணையில் தந்தியை இழுத்துக் கமகம் கொடுப்பதைக் கேட்ட காதுக்கு இது சட்டென்று பிடிபடும். 1927-இல் அவர் பதிவு செய்த '6/88 கிளைடு' என்ற இசைத்தட்டில் இதைத் தெளிவாகக் கேட்கலாம்.

அதே ஆண்டு டிசம்பரில் சிகாகோவில் ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங் தன் ஹாட் ஃபைவ் குழுவுக்கு அவரை அழைத்தார். 'ஹாட்டர் தேன் தட்' பதிவின் நடுவில் மற்ற கருவிகள் எல்லாம் ஒதுங்கிவிடும். ஆம்ஸ்ட்ராங் சொல்லே இல்லாமல் குரலால் ஒரு துணுக்கை வீச, லானியின் கிட்டார் அதைப் பிடித்துத் திருப்பி வீசும். மறுஆண்டு இன்னொரு ஜாஸ் கலைஞரான டியூக் எலிங்டனும் கூப்பிட்டார்.

கிட்டார் கலைஞர் எடி லாங் விஷயம் இன்னும் வேடிக்கை. லாங் வெள்ளையர், இத்தாலியக் குடியேறிகளின் மகன். அந்தக் காலத்தில் கறுப்பர்களுக்கென்று 'ரேஸ் ரெக்கார்டு' என்ற தனி வரிசையில் இசைத்தட்டு விற்பார்கள். 1928-29இல் இருவரும் ஜோடியாக வாசித்தபோது, லாங்கின் பெயரை 'பிளைண்ட் வில்லி டன்' என்று அச்சிட்டார்கள். கறுப்பர் வரிசையில் விற்பதற்காக, கண் தெரிந்த வெள்ளைக்காரருக்கு ஒரு பார்வையற்ற கறுப்பரின் பெயர்! இன்றைக்குக் கேட்டாலும் அந்த ஜோடிப் பதிவுகளில் போட்டி தெரியாது, பேச்சுதான் தெரியும்.

1930-களின் பொருளாதார மந்தம் இசைத்தட்டு வியாபாரத்தைக் கவிழ்த்தது. லானி உருக்காலைக்குப் போனார். மீண்டும் பாட வந்து, 1948-இல் 'டுமாரோ நைட்' என்ற மென்மையான காதல் பாட்டால் கறுப்பர் இசைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடம் பிடித்தார். பின்னால் எல்விஸ் பிரெஸ்லியும் அதைப் பாடினார். அதற்கப்புறம் மறுபடி சரிவு, ஹோட்டல் துடைப்பம்.

ஆல்பர்ட்சன் அவரைத் தேடிப்பிடித்து 1960-இல் புதிய ஆல்பம் பதிவு செய்ய வைத்தார். 1963-இல் மடி வாட்டர்ஸ் முதலிய புளூஸ் கலைஞர்களோடு ஐரோப்பாவைச் சுற்றினார். ஆனால் அறுபதுகளின் இளைஞர்களுக்குத் தேவைப்பட்ட புளூஸ்காரர் வேறு மாதிரி: பருத்திக்காட்டுக் கிழவர், பழைய கிட்டார், கரகரத்த குரல். இவரோ கோட்டு சூட்டில் வந்து, மின்கிட்டாரை மீட்டிக் காதல் பாட்டுப் பாடினார். ஏமாந்தவர்கள் நிறைய. அவர்கள் கொண்டாடிய புளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் 'மால்டட் மில்க்' லானியின் பாணியை அச்சாகப் பின்பற்றிய பாட்டு என்பதைப் பலர் கவனிக்கவே இல்லை. புளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி. கிங் மட்டும் தன்னை உருவாக்கியவர்களில் ஒருவராக லானியைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

கனடாவின் டொரான்டோ அவரை ஏற்றுக்கொண்டது. அங்கேயே தங்கிவிட்டார். 1969 மார்ச்சில் நடைபாதையில் போய்க்கொண்டிருந்தவர்மீது கார் மோதியது. பிறகு பக்கவாதமும் வந்தது. 1970 பிப்ரவரி 23 அன்று மாஸி ஹால் மேடைக்குக் கைத்தடி ஊன்றி வந்தார். புளூஸ் கலைஞர் பட்டி கை கிட்டார் வாசிக்க, லானி பாட மட்டும் செய்தார். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

ஜூன் 16-இல் இறந்துபோனார். அவருடைய பதிவுகள் யூடியூபில் கிடைக்கின்றன. அடுத்த அத்தியாயத்துக்கு முன் '6/88 கிளைடு' ஒன்றையாவது கேட்டுவிடுங்கள். மூன்று நிமிடம்தான் ஆகும்.

(தொடரும்)