தளபதியைப் பற்றி நாம் எழுதியதும் எழுதாமல் விட்டதும்

கற்பிட்டியிலிருந்து கண்டக்குழிக்குப் போகும் பாதையில் என் மாமா ஒரு தேநீர்க்கடை வைத்திருந்தார். கொழும்பிலிருந்து வரும் பஸ்ஸில் பத்திரிகைக் கட்டு முற்பகலில்தான் வந்து சேரும். அதிகாலையில் கடலுக்குப் போய்த் திரும்பியவர்கள் மீனை ஏற்றிவிட்டு வந்து, ஆளுக்கொரு தாளாகப் பிரித்து வாசிப்பார்கள். அந்தக் கடையின் பலகைச் சுவரில் 2009 மே மாதத்துக்குப் பின்னர் ஒரு சுவரொட்டி இருந்தது. ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச, பாதுகாப்புச் செயலாளர் கோத்தபாய ராஜபக்ச, இராணுவத் தளபதி சரத் பொன்சேகா ஆகிய மூவரும் அதில் வெற்றிவீரர்களாக நின்றார்கள். அதை ஒட்டியது மாமா அல்லர். கிழிக்கும் துணிவும் அவருக்கு இருக்கவில்லை.

அதே ஆண்டு டிசம்பரில் நான் ஊருக்குப் போனபோது, தளபதியின் முகம் மட்டும் சுரண்டி எடுக்கப்பட்டிருந்தது. யார் சுரண்டியது என்று கேட்டேன்.

"ஒட்டினவங்கதான்" என்றார் மாமா.

இந்த நாட்டில் ஒரு பாதுகாப்புத் தலைவரைப் பற்றி ஊடகங்கள் எவ்வாறு எழுதி வந்திருக்கின்றன என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவரொட்டி ஞாபகத்துக்கு வருகிறது. முகத்தை ஒட்டுவதிலும் சுரண்டுவதிலும் நாங்கள் காட்டிய உற்சாகத்தை, அந்த முகத்துக்குப் பின்னாலிருந்த கொள்கையை விசாரிப்பதில் காட்டவில்லை. நாங்கள் என்று நான் சொல்வதில் நானும் அடங்குவேன்.

*

பொன்சேகாவுக்கு முன்னர் இன்னொருவர் இருந்தார். 1994இல் சந்திரிகா குமாரதுங்கவின் அரசாங்கத்தில் பிரதிப் பாதுகாப்பு அமைச்சரான அநுருத்த ரத்வத்த. 1995 டிசம்பரில் யாழ்ப்பாணம் இராணுவத்தின் கைக்கு வந்தபோது, அந்தக் காலத்து மன்னர்களுக்குச் செய்வதுபோல் ஓலைச் சுருள் ஒன்றில் செய்தியை எழுதி ஜனாதிபதியிடம் கையளித்தார். தொண்டர் படையில் லெப்டினன்ட் கேணலாக இருந்த அவர் ஜெனரலாகத் தரமுயர்த்தப்பட்டார். தென்னிலங்கைப் பத்திரிகைகள் அதைப் பக்கம் பக்கமாகக் கொண்டாடின.

1997 மே 13ஆம் திகதி ஜெயசிக்குறு நடவடிக்கை தொடங்கியது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு ஏ-9 வீதியைத் திறப்பது அதன் நோக்கம். ஒன்றரை வருடத்துக்கும் மேலாக நீடித்து, வீதி திறக்கப்படாமலேயே 1998 டிசம்பரில் அது கைவிடப்பட்டது. பிடித்த நிலத்தின் பெரும்பகுதி 1999 நவம்பரில் சில நாட்களுக்குள் பறிபோனது.

அந்த நடவடிக்கை நடந்துகொண்டிருந்த காலத்தில்தான் நான் ஆசிரியபீடத்தில் இளையவனாகச் சேர்ந்திருந்தேன். 1998 ஜூனில் இராணுவச் செய்திகளுக்குத் தணிக்கை வந்தது. தணிக்கையாளராக ஓர் இராணுவ அதிகாரியே நியமிக்கப்பட்டார். நான் எழுதிய செய்தி ஒன்று தணிக்கைக்குப் போய்த் திரும்பியபோது, இடங்களின் பெயர்களும் எண்ணிக்கைகளும் வெட்டப்பட்டு, "படையினர் முன்னேறி வருகின்றனர்" என்ற ஒரு வசனம் மாத்திரம் தப்பியிருந்தது. எந்த இடத்திலிருந்து எந்த இடத்துக்கு முன்னேறுகிறார்கள் என்று வாசகருக்குத் தெரியாது. 2000 ஏப்ரலில் ஆனையிறவு வீழ்ந்ததும் தணிக்கை மேலும் இறுகியது. அவ்வாண்டு மே மாதத்தில் கொழும்பின் சண்டே லீடரும் யாழ்ப்பாணத்தின் உதயனும் மூடப்பட்டன. சண்டே லீடர் மீதான தடையை உயர் நீதிமன்றம் நீக்கும் வரை அந்தப் பத்திரிகையால் வெளிவர முடியவில்லை.

இவ்வளவும் நடந்த பின்னரும் ஜெயசிக்குறு ஏன் தோற்றது, அதில் இறந்த இளைஞர்களுக்கு யார் பொறுப்பு என்ற விசாரணை நாட்டில் முறையாக நடைபெறவில்லை. ரத்வத்தவைப் பற்றிய கேலிச்சித்திரங்கள் மட்டும் ஏராளமாக வந்தன. முகம் சுரண்டப்பட்டதுடன் அலுவல் முடிந்துவிட்டது.

*

சரத் பொன்சேகா 2005 டிசம்பரில் இராணுவத் தளபதியானார். 2006 ஏப்ரல் 25ஆம் திகதி கொழும்பில் இராணுவத் தலைமையகத்துக்குள்ளேயே நடந்த தற்கொலைத் தாக்குதலில் படுகாயமடைந்து, சிங்கப்பூரில் சிகிச்சை பெற்று, சில மாதங்களில் மீண்டும் பதவியில் அமர்ந்தார். அவரது துணிவை எவரும் மறுக்க முடியாது. பெரும் அணிகளாக நகர்ந்து அடிவாங்கிய பழைய முறையை விட்டு, சிறு சிறு குழுக்களாகக் காட்டுக்குள் ஊடுருவும் முறையை அவர் விரிவாகப் பயன்படுத்தினார். பல முனைகளில் ஒரே நேரத்தில் படையை நகர்த்தினார். இந்தப் போரை அடுத்த தளபதிக்கு விட்டுச் செல்லமாட்டேன் என்று சொன்னார், சொன்னபடி செய்தார்.

அவருக்கு ஊடகத்தின் மீது இருந்த பார்வையும் பகிரங்கமானதே. 2008 ஜனவரியில் அரச சிங்கள நாளிதழான தினமினவுக்கு அளித்த செவ்வியில், போருக்கு இருக்கும் மிகப் பெரிய தடை தேசப்பற்றற்ற ஊடகம் என்றும், ஊடகவியலாளர்களிடையே ஒரு சில துரோகிகள் இருக்கிறார்கள் என்றும் கூறினார். அதே ஆண்டு செப்டெம்பரில் கனடாவின் நேஷனல் போஸ்ட் பத்திரிகையிடம், இந்த நாடு சிங்களவருக்குரியது என்று தாம் உறுதியாக நம்புவதாகவும், சிறுபான்மையினர் இங்கு வாழலாம், ஆனால் தகாத கோரிக்கைகளை முன்வைக்கக் கூடாது என்றும் சொன்னார். டிசம்பரில் தமிழகத் தலைவர்கள் சிலரைக் கோமாளிகள் என்று வர்ணித்தார். அதற்கு அரசாங்கமே வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது.

ஒரு தளபதி 'துரோகி' என்று சொல்லும்போது அந்தச் சொல் எங்கே போய் விழுகிறது என்பதை அந்த இரண்டு வருடங்கள் காட்டின. மிக்-27 விமானக் கொள்வனவு பற்றி எழுதிய இக்பால் அத்தாஸின் பாதுகாப்பு 2007இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. இராணுவத்தின் உள்விவகாரங்களை விமர்சித்து எழுதிவந்த கீத் நொயார் 2008 மே 22ஆம் திகதி இரவு கடத்தப்பட்டு, அடித்துத் துன்புறுத்தப்பட்டு விடுவிக்கப்பட்டார். 2009 ஜனவரி 8ஆம் திகதி சண்டே லீடர் ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க பட்டப்பகலில் கொல்லப்பட்டார். அக்கொலைக்கு எவரும் தண்டிக்கப்படவில்லை. இவற்றைச் செய்தவர்கள் யார், ஏவியவர்கள் யார் என்பது நீதிமன்றம் சொல்ல வேண்டியது. நான் சொல்ல முடியாது. ஆனால் ஆசிரியபீடங்களில் அதன் விளைவு என்னவென்று எனக்குத் தெரியும். பாதுகாப்பு அமைச்சின் அறிக்கையைத் தமிழில் பெயர்த்துப் போடுவது பாதுகாப்பானதாயிற்று. வன்னிக்குச் சுதந்திரமாகச் செல்ல எந்த ஊடகவியலாளருக்கும் வழியில்லை. படையினரின் உயிரிழப்பு விபரமும் இறுதிக் கட்டத்தில் நிறுத்தப்பட்டது. போர் முடிந்த பின்னரே, 2006 முதல் 6,261 படையினர் இறந்ததாக அரசாங்கம் அறிவித்தது. இறுதிக் கட்டத்தில் பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கக்கூடும் என்று ஐ.நா. செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு சொல்ல 2011 ஆயிற்று.

*

பின்னர் நடந்தது எல்லோரும் அறிந்ததே. வெற்றி பெற்ற இரண்டு மாதங்களுக்குள் பொன்சேகா பாதுகாப்புப் படைகளின் பிரதானி என்ற, அதிகாரம் குறைந்த பதவிக்கு மாற்றப்பட்டார். 2009 நவம்பரில் பதவி விலகி, எதிர்க்கட்சிகளின் பொது வேட்பாளரானார். டிசம்பர் 13ஆம் திகதி சண்டே லீடரில் அவரது செவ்வி வெளியானது. வெள்ளைக்கொடியுடன் சரணடைய வந்த புலித் தலைவர்களைச் சுடும்படி பாதுகாப்புச் செயலாளர் உத்தரவிட்டதாகத் தாம் பின்னர் அறிந்ததாக அவர் சொன்னார் என்பது அதன் சாரம். விரைவிலேயே, தாம் சொன்னது திரிக்கப்பட்டது என்றார். தேர்தலில் தோற்றார். 2010 பெப்ரவரி 8ஆம் திகதி கைது செய்யப்பட்டார். இராணுவ நீதிமன்றங்கள் அவரது பதவி நிலைகளைப் பறித்து 30 மாதச் சிறைத் தண்டனையும் விதித்தன. 2011 நவம்பரில் அந்தச் செவ்விக்காகவே கொழும்பு மேல் நீதிமன்றம் மேலும் மூன்று வருடங்கள் விதித்தது. அவருக்கு எதிரான பிரதான சாட்சி, செவ்வியை எடுத்த ஆசிரியர்.

இங்கு இன்னொரு வழக்கை அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். சஞ்சிகை ஒன்றில் 2006இல் எழுதிய சில வரிகளுக்காக ஜே.எஸ். திசைநாயகம் 2008 மார்ச்சில் கைது செய்யப்பட்டு, பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் 2009 ஓகஸ்ட் 31ஆம் திகதி 20 வருடக் கடூழியச் சிறைத் தண்டனை பெற்றார். பின்னர் மன்னிப்பின் பேரில் வெளியே வந்தார். சொன்ன சொல்லுக்காக ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் அந்த ஏற்பாட்டுக்கு, தளபதியாக இருந்தவரை பொன்சேகா ஆட்சேபம் சொன்னதில்லை. இரண்டு வருடங்களில் அது அவர் வாசலுக்கும் வந்தது. நாங்கள் இதை விதியின் விளையாட்டு என்று எழுதி ரசித்தோம். அந்தச் சட்டத்தைப் பற்றி எழுத வேண்டிய தருணம் அதுவே என்பது எங்களுக்குத் தோன்றவில்லை.

*

இப்போது என் சொந்தக் கணக்குக்கு வருகிறேன்.

2010 ஜனவரியில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் முஸ்லிம் காங்கிரஸும் பொன்சேகாவை ஆதரித்தன. நானும் அவரை ஆதரித்து நீண்ட கட்டுரை ஒன்று எழுதினேன். மாற்றம் வேண்டும், எதிரியின் எதிரி நண்பன் என்பதே அதன் வாதம். நேஷனல் போஸ்ட் செவ்வியைப் பற்றி அதில் ஒரு வரி இல்லை. போர் முடிந்த பின்னரும் இராணுவத்தை இரண்டு இலட்சத்திலிருந்து மூன்று இலட்சமாக்க வேண்டும் என்று அவர் சொன்னதைப் பற்றியும் இல்லை. உயர் பாதுகாப்பு வலயங்களை என்ன செய்வார் என்றும் கேட்கவில்லை. யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, திகாமடுல்ல மாவட்டங்களில் அவர் முன்னிலை பெற்றபோது, நாங்கள் சரியாகத்தான் எழுதினோம் என்று மகிழ்ந்தேன்.

தேர்தல் முடிந்த வாரத்தில் ஊருக்குப் போனேன். மாமா அந்தக் கட்டுரையை வாசித்திருந்தார். பத்திரிகையை மடித்து மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்:

"மருமகன், இவர் நல்லவரு, அவர் கெட்டவருண்டு நல்லா எழுதியிருக்கீங்க. கடலுக்குப் போற பாஸை எப்ப நிப்பாட்டுவாங்கண்டு ரெண்டு பேருக்கிட்டயும் ஒருத்தரும் கேக்கல்லியே? சிலாவத்துறையில எங்கட காணியில நேவி இருக்கே, அதப்பத்திக் கேட்டீங்களா?"

எனக்கு மறுமொழி வரவில்லை.

மாமாவின் மனைவி சிலாவத்துறையைச் சேர்ந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து சுமார் 75,000 முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, மன்னார்ப் பக்கத்திலிருந்து படகுகளில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கியவர்களுள் அவரது குடும்பமும் ஒன்று. போர் முடிந்தால் திரும்பிப் போகலாம் என்று 19 வருடங்கள் காத்திருந்தார்கள். போர் முடிந்தது. போய்ப் பார்த்தபோது காணியில் கடற்படை முகாம் இருந்தது. அதற்குத் தெற்கே, வில்பத்துக் காட்டின் ஓரத்திலுள்ள முள்ளிக்குளம் என்ற கத்தோலிக்கத் தமிழ்க் கிராமத்து மக்கள் 2007இல் இராணுவத்தால் வெளியேற்றப்பட்டார்கள். பின்னர் அந்த ஊரே கடற்படையின் வடமேற்குத் தலைமையகமாயிற்று. 2017இல் வாரக்கணக்கில் தெருவோரத்தில் அமர்ந்து போராடிய பின்னரே, அதில் 100 ஏக்கரை விடுவிப்பதாக ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. புலிகளால் விரட்டப்பட்ட முஸ்லிமுக்கும் படையினரால் வெளியேற்றப்பட்ட கத்தோலிக்கருக்கும் ஒரே முள்வேலிதான் முன்னால் நின்றது.

அந்த வேலிக்கு முகம் கிடையாது. அதனால் எங்கள் முதற்பக்கத்தில் அதற்கு இடமும் கிடைக்கவில்லை.

பொன்சேகா 2012 மே மாதம் விடுதலையானார். 2015 மார்ச்சில் மைத்திரிபால சிறிசேன அவரைப் பீல்ட் மார்ஷலாக்கினார். முன்னர் துரோகி என்று எழுதிய அரச ஊடகங்கள் மீண்டும் வீரர் என்று எழுதின. 2010இல் 41 இலட்சத்துக்கும் அதிகமான வாக்குகளைப் பெற்றவர், 2024இல் மீண்டும் ஜனாதிபதித் தேர்தலில் நின்றபோது முப்பதாயிரத்தைக்கூட எட்டவில்லை. கோத்தபாய 2019இல் ஜனாதிபதியாகி 2022 ஜூலையில் நாட்டைவிட்டு ஓடினார். சுவரொட்டியில் இருந்த மூவரையும் நாங்கள் மாறி மாறி ஒட்டியும் சுரண்டியும் முடித்துவிட்டோம்.

மாமா இன்று இல்லை. கடையும் இல்லை, அந்தப் பாதையில் இப்போது காற்றில் பட்டம் விட்டுக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களுக்கான விடுதிகள் இருக்கின்றன. கற்பிட்டியின் ஒல்லாந்தர் கோட்டை கடற்படை முகாமுக்குள் இருப்பதை அவர்கள் விசித்திரமாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எங்களுக்கு அது பழகிவிட்டது.

பத்திரிகைத் துறைக்கு வரும் இளைஞர்கள் சில வேளைகளில் என்னிடம், இராணுவத் தளபதி ஒருவரைப் பற்றி எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும் என்று கேட்பதுண்டு. மாமா கேட்ட இரண்டு கேள்விகளையே நான் அவர்களுக்குச் சொல்கிறேன். அவர் நல்லவரா கெட்டவரா என்பது அடுத்த தேர்தலில் மாறிவிடும். பாஸ் எப்போது நிற்கும், காணி எப்போது கிடைக்கும் என்பதை அவர் பதவியில் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். நான் எழுதவில்லை.