கீசர்ல ஐம்பதா, அறுபதா?

மார்கழிக் குளிர்ல திமிரிக்குப் போயிருந்தேன். அக்கா பையனுக்கு ரெண்டு வயசு. நாங்க அசந்த நேரம் பார்த்து வெந்நீர்க் குழாயைத் திறந்துட்டான். நல்லவேளை, அம்மா இழுத்துட்டாங்க. அவங்க விரல்தான் சிவந்து போச்சு. ஏறிப் பார்த்தா, கீசர் குமிழ் கடைசி வரைக்கும் திருகியிருந்தது. எவ்வளவு வைக்கணும்னு தேடினப்போ கிடைச்சது இந்தக் கதை.

கீசர்ங்கிறது ஐஸ்லாந்துல இருக்கிற ஒரு வெந்நீர் ஊற்றோட பேரு. 1868-ல லண்டன்ல பெஞ்சமின் வாடி மாகன், தான் செஞ்ச கேஸ் ஹீட்டருக்கு அதை வெச்சார். 1889-ல எட்வின் ரூட் தானா இயங்குற தொட்டி ஹீட்டரைக் கொண்டு வந்தார்.

எவ்வளவு சூடு ஆபத்து? 1947-ல மோரிட்ஸ், ஹென்ரிக்ஸ்னு ரெண்டு அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் அளந்து சொன்னாங்க. 60 டிகிரி செல்சியஸ்ல பெரியவங்க தோலே 5 வினாடியில வெந்துடும். 49 டிகிரின்னா கிட்டத்தட்ட 10 நிமிஷம் ஆகும். குழந்தைங்களுக்கு இன்னும் சீக்கிரம்.

எங்க ஊர்ப்பக்கம் டேனரில வேலை பார்த்தவங்களுக்கு இது புரியும். குரோம்ல பதனிட்ட தோலை ஒரு துண்டு வெட்டிக் கொதிக்கிற தண்ணியில போடுவாங்க. சுருங்கலைன்னா பதம் சரி. பதனிடாத பச்சைத்தோல் 65 டிகிரி வாக்குலயே சுருங்கிடும். நம்மளுதும் பதனிடாத தோல்தானே!

அப்போ 49 போதுமே? அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலம் அப்படித்தான் நினைச்சது. புது ஹீட்டர்களை 49-ல வெச்சுத்தான் விக்கணும்னு 1983-ல சட்டமே போட்டாங்க.

ஆனா அதுக்கு முன்னாடியே இன்னொரு வில்லன் வந்தாச்சு. 1976-ல பிலடெல்பியா ஓட்டல் ஒன்றில் முன்னாள் படைவீரர்கள் மாநாடு. அதையொட்டிப் பரவின மர்மக் காய்ச்சல்ல 34 பேர் இறந்தாங்க. அடுத்த வருஷம் கிருமியைக் கண்டுபிடிச்சதா அறிவிச்சாங்க; பின்னாடி அதுக்கு 'லீஜியோனெல்லா'ன்னு பேர் வெச்சாங்க. 20-லேர்ந்து 45 டிகிரி வரைக்கும் அது வெதுவெதுப்பா வளரும். அதனால தொட்டியில 60 வைங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது.

கிருமிக்கு 60, குழந்தைக்கு 49. ரெண்டுக்கும் நடுவுல என்ன செய்யறது? வெளிநாட்டுல கலவை வால்வு மாட்டுறாங்க. தொட்டியில 60, குழாய்ல வரும்போது குறைஞ்ச சூடு.

அதைத்தானே நம்ம பாட்டிங்க 'விளாவுறது'ன்னு சொன்னாங்க? முதல்ல வாளியில பச்சைத் தண்ணி, அப்புறம் வெந்நீர், முழங்கையை விட்டுப் பார்த்துட்டுத்தான் குழந்தைக்கு.

குமிழை 60-க்கு இறக்கியாச்சு. வெந்நீர்க் குழாயோட பிடியையும் கழட்டிப் பையனுக்கு எட்டாத உயரத்துல வெச்சாச்சு. உங்க வீட்டுல எவ்வளவு இருக்கு? ஒரு தடவை ஏறிப் பாருங்க.