புள்ளி பெற்ற கத்தி: ஹன்னா ஹோக்கின் ஒட்டுப்படமும் அதன் தலைப்பும்

தாதா என்னும் கலை இயக்கத்தின் சரித்திரத்தை 1964இல் நூலாக வெளியிட்ட ஹான்ஸ் ரிக்டர், தாமே அவ்வியக்கத்தில் கலந்திருந்தவராதலின், அவருடைய வாக்குப் பிரமாணமாகவே கொள்ளப்பட்டு வந்திருக்கிறது. பெர்லின் குழுவைச் சேர்ந்த ஹன்னா ஹோக்கை (1889–1978) அவர் அந்நூலில், பணமுடை மிகுந்த நாளிலும் ரொட்டியும் பீரும் காப்பியும் எப்படியோ தேடிக் கொணர்ந்து நண்பர்களை உபசரித்த சாதுப் பெண்ணாகவே வருணிக்கிறார். உபசாரம் நடந்ததை நாம் மறுக்கவில்லை. ஒரு கலைஞரின் ஸ்தானத்தை அவர் இட்ட காப்பியைக் கொண்டு நிர்ணயித்ததையே மறுக்கிறோம். ரிக்டரின் வருணனை, ஹோக்கின் தலைசிறந்த படைப்பினது தலைப்பைப் படிக்கும் முறையையும் கோணச் செய்துவிட்டது என்பதே நம் ஆட்சேபம்.

114 சென்டிமீட்டர் உயரமும் 90 சென்டிமீட்டர் அகலமும் உள்ள அப்படம், 1920ஆம் ஆண்டு ஜூன் 30இல் பெர்லினில் தொடங்கிய முதல் சர்வதேச தாதா சந்தையில் வைக்கப்பட்டது. ஜெர்மனியின் கடைசி வைமர் பீர்த்தொந்திப் பண்பாட்டு யுகத்தைத் தாதாவின் சமையலறைக் கத்தியால் அறுத்தது என்னும் பொருள்பட அதன் நீண்ட தலைப்பு அமைந்திருக்கிறது. ரிக்டரைப் படித்துவிட்டு வருவோர் கண்ணுக்குச் சமையலறை என்னும் சொல்லே முதலில் படும்.

ஆனால் பிற்கால நூல்கள் சிலவற்றில் அக்கத்தி கேக் வெட்டும் கத்தியாகக் காணப்படுகிறது. ஜெர்மன் மொழியில் உகரத்தின் தலைமேல் இரு புள்ளிகள் இருந்தால் ‘க்யுஹன்’, சமையலறை. இல்லையேல் ‘கூஹன்’, கேக். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாத வழக்கத்தால் விளைந்த பாடபேதங்களோடு போராடிய தமிழ்ப் பதிப்பாசிரியர்களுக்கு இச்சங்கடம் புதிதன்று. அச்சுக்கோப்பவரின் கைப்பிழையால் புள்ளிகள் விழுந்திருக்கலாம்; இன்று பெரும்பாலோர் கொள்வதும் சமையலறைப் பாடமே. எனினும், கேக் என்னும் பாடத்தை எளிதில் தள்ளிவிட மனம் இசையவில்லை. பீர்த்தொந்தியை அடுத்து விருந்துப் பண்டம் ஒன்று நிற்பது பொருத்தமே. அன்றியும், கேக்கை அறுப்பவர் அடுக்களையில் ஒதுங்கி நிற்பவர் அல்லர், பந்தியின் நடுவே நின்று யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுபவர்.

சமையலறைப் பாடமே மெய்யென்று கொண்டாலும், ஹோக்கின் கை பழகிய இடம் அடுக்களையன்று. 1916 முதல் 1926 வரை உல்ஷ்டைன் பிரசுராலயத்தின் கைவேலைப் பகுதியில், மகளிர் பத்திரிகைகளுக்கான பூவேலை, சரிகைப்பின்னல் மாதிரிகளை வரைந்து வந்தவர் அவர். 1918இல் பூத்தையலைப் பற்றிக் கட்டுரையும் எழுதினார். அவர் வெட்டி ஒட்டுவதற்குப் படங்களை அள்ளித் தந்த பெர்லினர் இல்லுஸ்ட்ரீர்ட்டெ ஸைட்டுங் வார இதழும் அப்பிரசுராலயத்தினுடையதே. 1922இல் அவர் செய்த, சரிகைச் சட்டைக்கு நினைவுச்சின்னம் என்னும் ஒட்டுப்படம், அந்தப் பூவேலை மாதிரிகளையே நேராக எடுத்தாண்டது.

புகைப்படங்களை வெட்டி ஒட்டும் இக்கலை தோன்றிய காலத்தைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. பெர்லின் குழுவைச் சேர்ந்த ஜார்ஜ் க்ரோஸ், தாமும் ஜான் ஹார்ட்ஃபீல்டும் 1916இலேயே இதனைக் கண்டதாகப் பின்னாளில் உரிமை கொண்டாடினார். அதே குழுவினரான ரவூல் ஹவுஸ்மனோ, 1918 கோடையில் ஹோக்குடன் பால்டிக் கரையில் தங்கியிருந்தபோது, போர்வீரன் உருவம் அச்சிட்ட படங்களில் தலை இருக்குமிடத்தில் அவ்வூரார் தத்தம் வீட்டுப் பிள்ளையின் புகைப்படத்தை ஒட்டி மாட்டியிருந்ததைக் கண்டு இக்கருத்து உதித்தது என்றார். இரண்டும் வெகுநாள் கழித்துச் சொன்ன நினைவுகளாதலின், ஒன்றைக் கொண்டு மற்றொன்றை வீழ்த்த நாம் துணியோம். கண்டுபிடித்த நாளை விட்டு வெட்டிப் பழகிய ஆண்டுகளை எண்ணினால், உல்ஷ்டைன் மேசையையும் கணக்கிற் சேர்க்க வேண்டும் என்பதே நம் துணிபு.

படத்தின் வலப்புறக் கீழ்மூலையில் ஒரு சிறு ஐரோப்பிய வரைபடம் இருக்கிறது. பெண்டிர் வாக்குரிமை பெற்ற நாடுகளை அது குறிக்கிறது. ஜெர்மானியப் பெண்டிர் முதன்முதலாகத் தேசிய சபைக்கு வாக்களித்தது 1919 ஜனவரியில்தான். அந்த வரைபடத்தின் ஓரத்தில், கையொப்பம் இட வேண்டிய இடத்தில், ஹோக் தம் தலையையே நறுக்கி ஒட்டியிருக்கிறார். கத்தியின் பெயர் எப்பாடமாயினும், அதைப் பிடித்திருந்தவர் நின்ற இடத்தைப் படமே சொல்லியிருக்க, ரிக்டர் அவரை அடுக்களையில் தேடினார்.