1964: ஒரு புயலும் ஒரு கையெழுத்தும்

1964ஆம் வருஷத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் என் வயதுக்காரர்கள் இரண்டு விஷயம் சொல்வார்கள். மே மாதம் நேரு போனார், டிசம்பரில் தனுஷ்கோடி போனது. இரண்டும் எனக்கும் நினைவிருக்கிறது. அப்போது எனக்குப் பத்து வயது, குன்னூரில் இருந்தோம். நேரு இறந்த செய்தி டீக்கடை ரேடியோவில் வந்ததும் கடைக்காரர் பாய்லரை அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார். டிசம்பரில் எங்கள் மலையிலும் விடாமல் மழை. ராமேஸ்வரம் பக்கம் ரயிலையே கடல் கொண்டுபோய்விட்டது என்று பெரியவர்கள் பேசிக்கொண்டபோது, ரயிலைக் கடல் எப்படிக் கொண்டுபோகும் என்று எனக்கு விளங்கவில்லை.

இந்த இரண்டுக்கும் நடுவே, அக்டோபர் 30ஆம் தேதி, டெல்லியில் ஒரு கையெழுத்து விழுந்தது. அதை யாரும் சொல்வதில்லை. அந்த வருஷத்து விபத்துகளில் அதையும் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி. தபால் இலாகாவில் இருந்த காலத்தில் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் சில வருஷம் வேலை பார்த்தவன் என்பதால் எனக்கு இதைச் சொல்லக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

முதலில் அந்த வருஷத்தை ஒரு நடை பார்த்துவிடுவோம். ஜனவரியில் காமராஜர் அகில இந்தியக் காங்கிரஸ் தலைவராகிறார், புவனேஸ்வரில் மாநாடு. அதே ஜனவரி 25ஆம் தேதி கீழப்பழுவூர் சின்னசாமி இந்தித் திணிப்பை எதிர்த்துத் திருச்சியில் தீக்குளித்தார். அடுத்த வருஷம் தமிழ்நாடு முழுக்கக் கொழுந்துவிட்டு எரிந்ததற்கு முதல் பொறி அது. அரிசிக்குத் தட்டுப்பாடு. மே 27ஆம் தேதி நேரு மறைவு, ஜூனில் லால் பகதூர் சாஸ்திரி பிரதமர். கம்யூனிஸ்ட் கட்சி இரண்டாக உடைந்ததும் அந்த வருஷம்தான்.

பர்மாவையும் சேர்க்க வேண்டும். அங்கே நெ வின் ஆட்சி மார்ச் மாதம் கடைகளையெல்லாம் தேசியமயம் ஆக்கியது. மே 17ஆம் தேதி 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. 2016 நவம்பரில் நாம் பட்ட பாட்டை பர்மாத் தமிழர்கள் 52 வருஷம் முன்பே பட்டுவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகச் சம்பாதித்ததை விட்டுவிட்டு ரங்கூனிலிருந்து கப்பல் கப்பலாகச் சென்னையில் வந்து இறங்கினார்கள். பர்மா பஜார் அப்படி உண்டானது.

ஆக, கடல் கடந்து போன தமிழர்கள் திரும்பி வர ஆரம்பித்த வருஷம் 1964. பர்மாவில் பிடித்துத் தள்ளினார்கள். இலங்கையில் காகிதம் போட்டுத் தள்ளினார்கள்.

இலங்கைக் கதை 1948இலேயே ஆரம்பித்துவிட்டது. சுதந்திரம் வாங்கிய அதே வருஷம் இலங்கை ஒரு குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. தகப்பனும் பாட்டனும் அங்கே பிறந்ததற்குக் காகிதம் காட்டு என்றால் தோட்டத் தொழிலாளி எங்கே போவான்? கங்காணி கூட்டிப்போன கூட்டத்துக்குப் பிறப்புச் சான்றிதழ் ஏது? தேயிலைத் தோட்டங்களில் இருந்த தமிழர்களில் பெரும்பாலானோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்கள் ஆனார்கள். அடுத்த வருஷம் ஓட்டுரிமையும் போனது. நேரு இருந்தவரை, அங்கே பிறந்து வளர்ந்தவர்களை அவர்கள் விருப்பமில்லாமல் மொத்தமாக வாங்கிக்கொள்ள முடியாது என்றே சொல்லிவந்தார். 1954இல் கொத்தலாவலையோடு ஓர் உடன்பாடு செய்தார், அது சரிப்படவில்லை.

நேரு போய் ஐந்து மாதத்தில் சிறிமாவோ பண்டாரநாயக்கா டெல்லி வந்தார். ஒரு வாரம் பேச்சுவார்த்தை. முடிவில் கணக்குத் தீர்த்தார்கள். நாடில்லாமல் நின்றவர்கள் 9 லட்சத்து 75 ஆயிரம் பேர் என்று வைத்துக்கொண்டு, 5 லட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 லட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். எல்லாவற்றையும் 15 வருஷத்தில் முடிக்க வேண்டும். அந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75 ஆயிரம் என்று சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கச்சத்தீவு கைமாறிய அதே வருஷம்.

7 பேர் இங்கே, 4 பேர் அங்கே என்று விகிதம் வைத்துப் பிரிப்பதை நான் ரேஷன் சாமானில் பார்த்திருக்கிறேன், மனிதர்களில் இதில்தான் பார்த்தேன். யார் அந்த 7, யார் அந்த 4 என்று சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. சாஸ்திரி நல்ல மனிதர், அதில் எனக்குச் சந்தேகமில்லை. 1962இல் சீனாவிடம் அடி வாங்கிய பிறகு பக்கத்து நாடுகளின் நட்பு வேண்டும் என்று டெல்லி நினைத்திருக்கும். ஆனால் அந்த நட்புக்கு விலை கொடுத்தவர்கள் கொழுந்து பறிக்கிறவர்கள்.

பிறகு மனு வாங்கியபோது வேடிக்கை வெளியே வந்தது. இலங்கைக் குடியுரிமை வேண்டும் என்று கேட்டவர்கள் அந்த 3 லட்சத்தைவிட மிக அதிகம். இந்தியாவுக்குப் போகிறேன் என்றவர்கள் ஒதுக்கிய கணக்கைத் தொடவில்லை. அந்த ஜனங்கள் தங்கள் ஊர் எது என்று நினைத்தார்கள் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி?

நிற்க. கையெழுத்துக்குச் சரியாக 53ஆம் நாள் புயல். டிசம்பர் 17 வாக்கில் அந்தமானுக்குத் தெற்கே உருவான தாழ்வு மண்டலம் புயலாகி, 22ஆம் தேதி இலங்கையின் வவுனியாப் பக்கம் கரை ஏறி, மன்னாரைக் கலக்கிவிட்டு, அன்று இரவே பாக் நீரிணையைத் தாண்டித் தனுஷ்கோடிக்கு வந்தது. பாம்பனிலிருந்து நடுராத்திரிக்குச் சற்று முன்னால் புறப்பட்ட 653ஆம் எண் பாசஞ்சர், தனுஷ்கோடி ஸ்டேஷனுக்குக் கொஞ்ச தூரத்தில் சிக்னல் கிடைக்காமல் நின்று, பிறகு மெல்ல நகர்ந்தபோது அலை அடித்தது. வண்டியில் 110 பயணிகள், 5 ரயில்வே ஊழியர்கள். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இன்னும் அதிகம் என்பார்கள். புயலில் மொத்தம் 1,800 பேர் வரை இறந்திருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பாம்பன் பாலத்தின் 145 கர்டர்களில் 126 கடலுக்குள் போயின. இ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் 46 நாளில் பாலத்தைத் திரும்ப நிறுத்தினார். பின்னாளில் டெல்லி மெட்ரோ கட்டினாரே, அவரேதான். பாலம் திரும்ப வந்தது, தனுஷ்கோடி வரவில்லை. வசிக்கத் தகுதியற்ற இடம் என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது.

புயலுக்கும் ஒப்பந்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அந்த ஐந்தேகால் லட்சம் பேர் வந்து இறங்க வேண்டிய துறைமுகம் தனுஷ்கோடிதான்! எழும்பூரில் போட் மெயில் ஏறினால் தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் மறுபடி ரயில், கொழும்பு. அரை நூற்றாண்டாக இருந்த வழி. ஆட்களை வரவழைக்க ஒப்பந்தம் போட்டார்கள், இரண்டு மாதம் முடிவதற்குள் வாசற்படியைக் கடல் கொண்டுபோய்விட்டது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டார்கள். 'ராமானுஜம்' என்று அதற்குப் பெயர். அதில்தான் பெரும்பாலானவர்கள் வந்தார்கள். வந்தவர்களை மண்டபம் முகாமில் வைத்துப் பதிந்துகொண்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைக்குப் போகும் கூலிகளை நோய் இருக்கிறதா என்று பார்த்து அடைத்துவைத்ததும் அதே மண்டபத்தில். பாட்டன் போன வழியில் பேரன் திரும்பி வந்தான்.

உடனே வந்துவிடவில்லை. இலங்கையில் ஆட்சி மாறி, சட்டம் போடவே 1967 ஆனது. கூட்டம் கூட்டமாக வந்தது எழுபதுகளில். தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்ட சமயம் அங்கே கடும் பஞ்சம். 1977இல் கலவரம். 1983 கலவரத்துக்கு அடுத்த வருஷம் கப்பலே நின்றுபோனது. அதற்குள் ஏறக்குறைய நாலரை லட்சம் பேர் வந்துவிட்டார்கள்.

சமவெளியில் கொஞ்சம் பேருக்கு வியாபாரக் கடன் கொடுத்தார்கள். தேயிலைச் செடியைத் தவிர வேறொன்றும் தெரியாதவனுக்கு வியாபாரக் கடன்! கொடுத்த பணம் ஆறு மாதத்தில் கரைந்தது, கொடுத்த இடத்தில் தண்ணீர் இல்லை. அவர்களில் பலர் கேள்விப்பட்டுக் கேள்விப்பட்டு நீலகிரிக்கு ஏறினார்கள். குளிரும் தேயிலையும் இருக்கிற இடம் தேடி வந்தார்கள் என்று சொல்லலாம். நம்மில் பலர் நகையை வைத்துக் கடன் வாங்கும் ரெப்கோ வங்கி 1969இல் இவர்களுக்கும் பர்மாக்காரர்களுக்குமாகத் தொடங்கியதுதான். தாயகம் திரும்பியோர் கூட்டுறவு வங்கி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அந்தப் பெயர் என்பது, கவுன்ட்டரில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

நீலகிரியில் 1968இல் வனத்துறை மூலமாக அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கியது. 1975இல் அது தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது, தலைமை அலுவலகம் குன்னூர். எல்லாரும் 'டான்டீ' என்பார்கள். சேரங்கோடு, சேரம்பாடி, நெல்லியாளம், பாண்டியார், தேவாலா, கோத்தகிரி என்று அதன் தோட்டங்கள். காட்டை வெட்டித்தான் தேயிலை வைத்தார்கள். பணியரும் குறும்பரும் புழங்கிய காடு அது. ஓரிடத்தில் பிடுங்கி நட்டபோது நட்ட இடத்தில் இருந்தவர்களுக்கும் வலித்தது, அதையும் சொல்லாவிட்டால் கதை முழுசாகாது. டான்டீயில் இடம் கிடைக்காதவர்கள் தனியார் தோட்டங்களுக்கும் கூடலூர் ஜென்மம் நிலங்களுக்கும் போனார்கள். 1969ஆம் வருஷத்து ஜென்மம் ஒழிப்புச் சட்டத்தில் 17ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. அந்த நிலங்களில் குடிசை போட்டவர்களுக்கு இன்றுவரை பட்டா வழக்கு ஓயவில்லை.

எழுபதுகளின் கடைசியில் நான் அந்தப் பக்கம் போனபோது உள்ளூர்க்காரர்கள் அவர்களை 'சிலோன்காரங்க' என்றார்கள். அங்கே அவர்களை இந்தியாக்காரர்கள் என்றார்களாம். பேச்சே வேறு. டீயைத் 'தேத்தண்ணி' என்பார்கள், லைன் வீட்டை 'லயம்' என்பார்கள், ரயிலைக் 'கோச்சி' என்பார்கள். அட்டன் ஸ்டேஷனிலிருந்து ஆட்களை ஏற்றிவந்த வண்டிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயராம். ஏறுகிறவர்களும் அழுவார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுவார்கள்.

அவர்களுடைய கஷ்டம் எனக்குத் தெரிந்தது கடிதங்கள் வழியாகத்தான். மற்றவர்களுக்குத் திருப்பூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ கடிதம் வரும். இவர்களுக்கு வந்தது நுவரெலியா, பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை முத்திரை குத்திய கடிதங்கள். ஏனென்றால் குடும்பம் குடும்பமாகப் பிரிக்கவில்லை, மனு மனுவாகப் பிரித்தார்கள். தகப்பன் இந்தியா என்று எழுதிக்கொடுத்திருப்பார், கல்யாணமான மகள் இலங்கை என்று எழுதியிருப்பாள். சேரம்பாடிப் பக்கத்து அம்மா ஒருவர் மாதம் ஒரு தடவை வருவார். "ஐயா, மகளுக்கு ஒரு வரி எழுதிக் குடுங்க" என்பார். எழுதச் சொல்வதெல்லாம் சின்ன விஷயம். இங்கே கொழுந்து நன்றாக இருக்கிறது, அட்டைக்கடிதான் அதிகம், பேரனுக்குப் பல் முளைத்ததா என்று எழுது. வர முடியுமா என்று ஒரு தடவைகூட எழுதச் சொன்னதில்லை. 1983 ஜூலைக்குப் பிறகு பதில் வரவில்லை. அவர் மட்டும் இரண்டு மூன்று மாதம் வந்து எழுதிப் போட்டுக்கொண்டே இருந்தார். நான் ஸ்டாம்ப் ஒட்டிப் பெட்டியில் போட்டேன். அதற்குள் எனக்கு மாற்றல் வந்துவிட்டது.

அங்கேயே தங்கிவிட்டவர்களுக்கு இலங்கை 2003இல் ஒரு சட்டம் போட்டுக் குடியுரிமை கொடுத்தது. போகமாட்டோம் என்று பிடிவாதமாக இருந்தவர்களுக்கும், கப்பல் நின்றதால் போக முடியாமல் போனவர்களுக்கும் கடைசியில் அங்கேயே இடம் கிடைத்தது. இந்தப் பக்கம், டான்டீ நஷ்டத்தில் ஓடுகிறது என்று 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறையிடம் திருப்பிக் கொடுக்க 2022இல் உத்தரவானது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் குடியிருப்பைக் காலி செய்ய வேண்டும் என்ற பிரச்சினை வேறு. நாற்பது வருஷம் செடி வைத்துக் காப்பாற்றியவர்கள் மறுபடி எங்கே போவது என்று கேட்கிறார்கள்.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விட்டபோது, கொளப்பள்ளியில் இருக்கும் பெரியவர் ஒருவர் எனக்குப் போன் செய்தார். வயது எண்பதைத் தாண்டிவிட்டது, எழுபதுகளில் 'ராமானுஜம்' கப்பலில் வந்தவர். தம்பி குடும்பம் அட்டனில் இருக்கிறது. "அந்தக் கப்பல்ல ஏறினா அட்டனுக்கு எப்படிப் போறது, சார்?" என்று கேட்டார். வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். காங்கேசன்துறையிலிருந்து ரயிலில் யாழ்ப்பாணம், அனுராதபுரம் வழியாகத் தெற்கே வந்து, பொல்காவலையில் இறங்கி மலைக்குப் போகிற வண்டிக்கு மாற வேண்டும் என்றேன்.

"பொல்காவலை தெரியும்" என்றார். "வரும்போதும் அங்கதான் கோச்சி மாறினோம்."