டாக்டர் எழுதித் தரும் மருந்து: சோதிப்பது யார்? டாக்டருக்கு வழிகாட்டுவது எது?

டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்ததும் நேராக மெடிக்கல் ஷாப்புக்குப் போய்விடுகிறோம். ஆனால் அந்த மாத்திரை கடைக்கு வர யார் அனுமதி கொடுத்தது, எந்த டோஸ் சரி என்று டாக்டருக்குச் சொன்னது யார்?

இந்தியாவில் புது மருந்தை மனிதர்களிடம் சோதிக்க மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் அனுமதி வேண்டும். கூடவே மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவும் ஓகே சொல்லணும். குறைந்தது 7 பேர் கொண்ட அந்தக் குழுவில் பாதிப் பேராவது வெளியாட்கள். மருத்துவம் படிக்காத சாமானியர் ஒருவரும் கட்டாயம். 2009 ஜூன் முதல் ஒவ்வொரு சோதனையையும் தொடங்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

விதிகள் இறுகியதற்குக் காரணம் உண்டு. 2009-ல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்கு ஹெச்.பி.வி. தடுப்பூசி போடும் ஆய்வுத் திட்டம் நடந்தது. சில சிறுமிகளின் மரணத்துக்குத் தடுப்பூசி காரணமாக இருக்க வாய்ப்பில்லை என்றது விசாரணைக் குழு. ஆனால் சம்மதப் படிவத்தில் பெற்றோருக்குப் பதிலாக ஹாஸ்டல் வார்டன்கள் கையெழுத்துப் போட்டிருந்தது அம்பலமானது. 2013-ல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகச் சாடியது.

இப்போது நடைமுறையில் இருப்பது 2019 மார்ச்சில் வந்த விதிகள். சோதனையில் ஒருவருக்குப் பெரிய பாதிப்பு என்றால் 24 மணி நேரத்துக்குள் தகவல் போகணும். சிகிச்சை இலவசம். பாதிப்புக்குச் சோதனைதான் காரணம் என்றால் இழப்பீடும் உண்டு. அதே விதிகளில் உறுத்தலான ஒன்றும் இருக்கு: இந்தியாவிலேயே கண்டுபிடித்த மருந்து என்றால், 30 வேலை நாட்களில் பதில் வராவிட்டால் சோதனைக்கு அனுமதி கிடைத்ததாகவே அர்த்தம்!

டாக்டர் மேஜையில் என்ன புத்தகம்?

சோதனையில் தெரிந்த விஷயம் டாக்டரிடம் போய்ச் சேரணுமே. அதற்காக அரசே வெளியிடும் கையேடுதான் 'நேஷனல் ஃபார்முலரி ஆஃப் இந்தியா'. எந்த நோய்க்கு எந்த மருந்து, எவ்வளவு டோஸ், யாருக்குக் கொடுக்கக் கூடாது எல்லாம் இதில் இருக்கும். முதல் பதிப்பு 1960-ல் வந்தது, மூன்றாவது 1979-ல். நான்காவது வர 30 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. அதற்குள் எத்தனை புது மருந்துகள்! அந்த இடத்தை நிரப்பியவை தனியார் கையேடுகளும், மெடிக்கல் ரெப் கொண்டுவரும் வழவழ நோட்டீஸ்களும்தான். இப்போது காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் கையேட்டைத் தயாரிக்கிறது.

கையேடு பழசானால் என்ன ஆகும்? நிமிசுலைடையே பாருங்க. காய்ச்சலுக்கும் வலிக்கும் சர்வசாதாரணமாகக் கொடுத்த மருந்து. கல்லீரலைப் பாதிக்கும் என்ற கவலை எழ, 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதைக் கொடுக்க 2011-ல் தடை வந்தது. அதற்கு முன் அச்சான புத்தகத்தில் இந்தத் தடை இருக்காது.

மருந்து சாப்பிட்டபின் ஒவ்வாமை, வேறு பிரச்னை வந்தால் நோயாளியே புகார் செய்யலாம். கட்டணமில்லா எண்: 1800-180-3024. தமிழிலும் படிவம் உண்டு.