லைட்டிங் கன்சோலுக்கு ‘கோ’ சொல்வது யார்?

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கலாம். நாடகம் ஓடிட்டு இருக்கு. நடிகர் கதவைத் திறக்கிறார், அதே நொடியில் மேடையில் வெளிச்சம் மாறுது. அந்த நொடி எதுன்னு முடிவு பண்ணது யார்?

பல தியேட்டர்களில் நடைமுறை ரொம்ப சிம்பிள். ஸ்டேஜ் மேனேஜர் ஹெட்செட்டில் “கோ” என்பார். லைட் ஆபரேட்டர் கன்சோலில் இருக்கும் கோ பட்டனை அழுத்துவார். ஒரு வார்த்தை, ஒரு விரல், அவ்வளவுதான். அந்த விரலோட வேலையை ஒரு கம்ப்யூட்டரிடம் கொடுக்கணும்னா என்ன வழி? அதுவும் கன்சோல் பழைய மெஷினா இருந்தா? இந்த எபிசோட் அதோட வரலாறு.

1975-க்குப் போவோம். அதுவரை பிராட்வேயில் விளக்குகளை இயக்கியது ‘பியானோ போர்டு’கள். பேரைக் கேட்டு ஏதோ இசைக்கருவின்னு நினைக்காதீங்க. பியானோ அளவுக்குப் பெரிய ரெசிஸ்டன்ஸ் டிம்மர் பெட்டிகள். ஒவ்வொரு டிம்மருக்கும் ஒரு கைப்பிடி. பெரிய ஷோ என்றால் பல ஆபரேட்டர்கள் சேர்ந்து, தாளைப் பார்த்து, கையால் ஏற்றி இறக்கணும்.

அந்த வருஷம் ‘எ கோரஸ் லைன்’ ஷூபர்ட் தியேட்டருக்கு வந்தது. லைட்டிங் டிசைனர் தாரன் மஸ்ஸர் அதுக்கு எல்எஸ்-8 என்ற மெமரி கன்சோலைக் கொண்டுவந்தார். பிராட்வேயில் கம்ப்யூட்டர் கன்சோல் நுழைந்தது அப்போதான். எந்த விளக்கு எவ்வளவு எரியணும் என்பது ஒவ்வொரு க்யூவாக மெமரியில் இருக்கும். ஆபரேட்டர் அடுத்த க்யூவுக்கு ‘கோ’ கொடுத்தால் போதும். மஸ்ஸருக்கு 1976-இல் அந்த ஷோவுக்காக டோனி விருதும் கிடைச்சது.

ஆனா இங்க ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். கன்சோலுக்குள்ள கம்ப்யூட்டர் வந்துடுச்சு, ஆனால் அது மூடின பெட்டி. வேற கம்ப்யூட்டர் அதோட பேசுறதுக்குப் பொதுவான மொழி எதுவும் கிடையாது.

முதல்ல திறந்தது வெளியே போகிற வாசல். பழைய முறையில் கன்சோலில் இருந்து ஒவ்வொரு டிம்மருக்கும் தனித்தனி கம்பி, அதில் 0 முதல் 10 வோல்ட் வரை. பிறகு ஒரே கேபிளில் பல சேனல்களை அனுப்பும் முறைகள் வந்தன. ஆனால் ஒரு கம்பெனி கன்சோல் இன்னொரு கம்பெனி டிம்மரோட பேசாது. 1986-இல் யுஎஸ்ஐடிடி என்ற அமெரிக்க அரங்கத் தொழில்நுட்ப அமைப்பு டிஎம்எக்ஸ்512-ஐ வெளியிட்டது. ஒரே கேபிளில் 512 சேனல்கள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு, நொடிக்கு 2,50,000 பிட். கன்சோல் பேசும், டிம்மர் கேட்கும். பதில் கிடையாது.

“அப்போ அந்தக் கேபிளிலேயே நம்ம கம்ப்யூட்டரையும் சேர்த்துடலாமே?” சேர்க்கலாம். ரெண்டு சிக்னலையும் ஒரு மெர்ஜரில் கொடுத்து, எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். ஆனா அது கன்சோலுக்கு முதுகுக்குப் பின்னால் நடக்கிற விஷயம். ஆபரேட்டர் விளக்கை அணைப்பார், கம்ப்யூட்டர் அதைப் பிடிச்சு வெச்சிருக்கும். ஏன் அணையலைன்னு கன்சோலுக்கே தெரியாது.

அதனால வேண்டியிருந்தது உள்ளே வருகிற வாசல். அது வந்தது இசைக்கருவிகள் பக்கம் இருந்து. 1983-இல் வந்த மிடி, ஒரு கம்பெனி கீபோர்டையும் இன்னொரு கம்பெனி சின்தசைஸரையும் பேச வெச்சது. சில கன்சோல்களும் மிடி சாக்கெட் வெச்சுக்கிட்டன. பிரச்சினை என்னன்னா, மிடியில் ‘நோட்’ உண்டு, ‘க்யூ’ கிடையாது. எந்த நோட் வந்தா என்ன பண்ணணும் என்பது அந்தந்தக் கம்பெனி முடிவு.

இதைத் தீர்க்க, சவுண்ட் டிசைனர் சார்லி ரிச்மண்ட் முன்னின்று நடத்திய விவாதத்தில் இருந்து உருவானது மிடி ஷோ கன்ட்ரோல். வருஷம் 1991. நான் இந்த ஸ்டாண்டர்டை முதல்முறை படிச்சப்போ, “இவ்வளவுதானா?” என்றுதான் தோணுச்சு. லைட்டிங் கன்சோலுக்கு “க்யூ 5, கோ” என்று சொல்ல எட்டே பைட்:

எஃப்0, 7எஃப், 01, 02, 01, 01, 35, எஃப்7.

முதலும் கடைசியும் மிடி உறை. மூன்றாவது பைட் எந்தக் கருவி என்பது. 02 என்றால் ஷோ கன்ட்ரோல். அடுத்த 01 லைட்டிங், அதுக்கடுத்த 01 ‘கோ’. 35 என்பது ‘5’ என்ற எழுத்தோட ஆஸ்கி மதிப்பு. மிடி வேகத்தில் மொத்தமும் போய்ச்சேர 2.56 மில்லிசெகண்ட்.

க்யூ நம்பரை ஏன் எண்ணா அனுப்பாம எழுத்தா அனுப்பணும்? ஒத்திகையில் 5-க்கும் 6-க்கும் நடுவில் இன்னொரு க்யூ தேவைப்படும். உடனே 5.5 என்று சேர்ப்பாங்க. எழுத்தா அனுப்பினா புள்ளியும் போகும். மேடையில் வேலை பார்த்தவங்க எழுதின ஸ்டாண்டர்ட் என்பது இங்கேயே தெரியுது.

அந்த எட்டு பைட்டில் என்ன இல்லை என்பதையும் பாருங்க. எந்த விளக்கு, எவ்வளவு வெளிச்சம், எத்தனை நொடி ஃபேட், எதுவுமே இல்லை. அது எல்லாம் கன்சோலுக்குள்ளயே இருக்கு. வெளியில் இருக்கும் கம்ப்யூட்டர் ஆபரேட்டரோட ஒரு விரலை மட்டும் கடன் வாங்குது. மிடி இல்லாத சில கன்சோல்களில் இதைவிட எளிமை: பின்னால் ரெண்டு பின்னை இணைச்சா ‘கோ’ விழும், ஒரு சின்ன ரிலே போதும். இன்னைக்கு க்யூலேப் ஓடும் லேப்டாப்பில் இருந்து பழைய கன்சோலுக்குப் பேச முடியுதுன்னா, வாசலை அவ்வளவு சின்னதா வெச்சதுதான் காரணம்.

இதை நான் ஏன் இவ்வளவு தேடிப் படிச்சேன்னு சொல்லணும். நண்பர்களோட நாடகத்துக்கு வாடகைக்கு வந்த பழைய கன்சோலின் பின்னால் ஒரு மிடி சாக்கெட் இருந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. யூஎஸ்பி மிடி கேபிள் வாங்கி, மழைச்சத்தம் முடிஞ்சதும் லைட் தானா அணையுற மாதிரி ஸ்கிரிப்ட் எழுதினேன். நாலு தடவை டெஸ்ட் பண்ணேன், நாலு தடவையும் சரியா வேலை செஞ்சது.

கடைசி ஒத்திகையில் நடிகர் ஒரு வசனத்துக்கு முன்னால் வழக்கத்தைவிட ரெண்டு மூச்சு அதிகமா நிறுத்தினார். அன்னைக்கு அது அவ்வளவு அழகா இருந்தது. மழை முடிஞ்சது, லைட் அணைஞ்சது. அவர் இருட்டில் பேசினார்.

பக்கத்தில் இருந்த ஆபரேட்டர் அண்ணன் திட்டலை. “தம்பி, நீ அவரைப் பார்த்தியா, ஸ்கிரீனைப் பார்த்தியா?” என்று மட்டும் கேட்டார். எட்டு பைட்டும் சரியாத்தான் போயிருந்தது. பிழை, எப்போ அனுப்பணும் என்பதை மழைச்சத்தத்திடம் விட்டதில்.

பாதுகாப்பு விஷயத்தில் இது இன்னும் சீரியஸ். டிஎம்எக்ஸில் கட்டாயப் பிழைச் சோதனை கிடையாது. அதனால பட்டாசு, தீ மாதிரி ஆபத்தான எஃபெக்ட்டுகளுக்கு அது தகுந்தது இல்லைன்னு அந்த ஸ்டாண்டர்டே எச்சரிக்குது. நகரும் மேடைக்குக் கீழே யாராவது நிற்கிறாங்களான்னு எந்த பைட்டும் பார்க்காது.

அடுத்த நாள் ஷோவில் கேபிளை நான் கழட்டலை. ஸ்கிரிப்ட்டில் ஒரு வரியை மாத்தினேன்: மழையும் லைட்டும் சேர்ந்தே மாறும், ஆனால் ஸ்பேஸ் பாரை அழுத்தினால்தான். அழுத்தினது அண்ணன். அன்னைக்கு நடிகர் மூணு மூச்சு நிறுத்தினார். லைட்டும் காத்திருந்தது.